வெடியில் சிதைந்த நுரையீரலும் ஒரு டயாலிசிஸ் குழாயும்

1996 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெருசலேமின் யாஃபா சாலையில் 18ஆம் எண் பேருந்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு, மார்ச் 3. அதே தடம், அதே எண், இன்னொரு பேருந்து. இந்த இரண்டு வெடிப்புகளிலும் நுரையீரல் அடிபட்டுச் சிகிச்சைக்கு வந்த 15 பேரைப் பற்றி ருவென் பிசோவ் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காயம் எவ்வளவு கடுமையானது என்று கணிக்க அவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எக்ஸ்ரேயில் நுரையீரல் எப்படித் தெரிகிறது, மூச்சுக்குழலிலிருந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிகிறதா. மூன்றாவதாக வரும் அந்தக் காற்றுக் கசிவிலிருந்துதான் இந்தக் கட்டுரையின் கேள்வி தொடங்குகிறது: கிழிந்த நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுவதைக் குறைத்து, டயாலிசிஸ் போல ரத்தத்தை வெளியே சுற்றவிட்டுக் கரியமில வாயுவை எடுக்க முடியுமா?

மூடிய இடத்தில் வெடிப்பு ஏன் இவ்வளவு கொடியது என்பதை 1996இல் இஸ்ரேலிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. நான்கு குண்டுவெடிப்புகள், 297 பேர். திறந்தவெளியில் நடந்தவற்றில் இறப்பு 7.8 சதவீதம், பேருந்துக்குள் நடந்தவற்றில் 49 சதவீதம். பேருந்தின் சுவர்களில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை உள்ளே இருப்பவர்களைத் திரும்பத் திரும்ப அறைகிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நடக்கிறவர், சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி, இருமினால் ரத்தம் வந்து, நீலம் பாரித்துப் போகிறார். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போல வெள்ளைப் படலம் தெரியும். மருத்துவர்கள் இதை ‘பிளாஸ்ட் லங்’ என்கிறார்கள். நாம் வெடிப்பு நுரையீரல் என்றே வைத்துக்கொள்வோம்.

நடப்பது இதுதான். நுரையீரல் என்பது காற்றும் ரத்தமும் மெல்லிய சுவர் ஒன்றின் இருபுறமும் இருக்கும் பஞ்சு. அழுத்த அலை நெஞ்சுச் சுவரை உள்ளே தள்ளும்போது, அடர்த்தி குறைந்த காற்றறையும் அடர்த்தி கூடிய ரத்தக்குழாயும் வெவ்வேறு வேகத்தில் அசைகின்றன. நடுவில் இருக்கும் சுவர் கிழிகிறது. ரத்தம் காற்றறைக்குள் வருகிறது. எதிர்த்திசையில் காற்றும் ரத்தக்குழாய்க்குள் போகலாம்.

இங்கே வென்டிலேட்டர் பொருத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நாம் இயல்பாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிந்து காற்றை உறிஞ்சுகிறது. வென்டிலேட்டரோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. கிழிந்த இடத்தில் அப்படித் தள்ளினால் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து நுரையீரலையே நசுக்கலாம். கிழிந்த சிரைக்குள் நுழைந்து இதயம் வழியாக மூளைக்கோ இதயத் தமனிக்கோ போய் நொடிகளில் உயிரைப் பறிக்கலாம். மூச்சு கொடுக்காவிட்டால் ஆள் போய்விடுவார், கொடுத்தாலும் ஆபத்து. வெடிப்பு நுரையீரலைப் பார்த்த எல்லா மருத்துவர்களும் இந்த இக்கட்டில் நின்றிருக்கிறார்கள்.

ஒரு வழி உண்டு. காற்றைக் குறைவாகத் தள்ளுவது. 2000இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை, எடைக்கு ஏற்ற அளவில் ஒரு கிலோவுக்கு 12 மி.லி. தருவதைவிட 6 மி.லி. தருவது நல்லது என்று காட்டிவிட்டது. இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. அது வெடிப்பு நோயாளிகளுக்கான சோதனை அல்ல, பலவித நுரையீரல் செயலிழப்புகளுக்கானது. ஆனால் பாடம் பொதுவானது. 1998இலேயே இஸ்ரேலிய மருத்துவர்கள் கடுமையான வெடிப்பு நுரையீரல் உள்ள 17 பேரிடம் காற்றைக் குறைத்து, அதனால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளும் முறையைப் பின்பற்றியிருந்தார்கள்.

பொறுத்துக்கொள்ள முடியாதவர்களும் உண்டு. கரியமில வாயு ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், மண்டைக்குள் அழுத்தம் கூடும். வெடிப்பில் சிக்கியவருக்கு நெஞ்சோடு தலையிலும் அடி இருப்பது சாதாரணம். அவருக்கு நுரையீரல் ‘குறைவாக ஊது’ என்கிறது, மூளை ‘கரியமில வாயுவை வெளியேற்று’ என்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டுமானால் அந்த வாயு நுரையீரல் அல்லாத வேறு வழியில் போயாக வேண்டும்.

அந்த வேறு வழிதான் டயாலிசிஸ். சிறுநீரகத்துக்குச் செய்வதை நுரையீரலுக்கும் செய்ய முடியுமா என்ற கேள்வி.

இந்தக் கேள்வி டயாலிசிஸ் பிறந்தபோதே உடன் பிறந்தது. 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் ஊரில், வில்லம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் சாசேஜ் உறைக்குப் பயன்படும் செல்லோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். தொடக்கத்தில் வந்த நோயாளிகளில் அநேகமாக எல்லோருமே இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அந்த இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கோல்ஃப் இன்னொன்றையும் பார்த்தார். கருநீலமாக உள்ளே போன ரத்தம், செல்லோஃபேன் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிச் சிவப்பாக வெளியே வந்தது. சிறுநீரகத்துக்கென்று செய்த குழாய், யாரும் கேட்காமலேயே நுரையீரல் வேலையையும் கொஞ்சம் செய்திருந்தது. பிறகு அவரே செயற்கை ஆக்சிஜனேற்றிகளை உருவாக்கும் வேலையில் இறங்கினார்.

டயாலிசிஸ் போர்க்களத்துக்குப் போனது கொரியாவில். 1952இல் வொன்ஜு நகரத்தின் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் பால் டெஷன் என்ற மருத்துவர் தலைமையில் காயம்பட்ட வீரர்களுக்கு டயாலிசிஸ் நடந்தது. சிறுநீரகம் நின்றுபோன வீரர்களின் இறப்பு 80, 90 சதவீதம் என்றிருந்த நிலையிலிருந்து 53க்கு இறங்கியது. இயந்திரம் சிறுநீரகத்தைக் குணப்படுத்தவில்லை. அது தானாக ஆறும்வரை அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான். நுரையீரல் டயாலிசிஸ் பற்றிப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சரி, நுரையீரல் செய்வது இரண்டு வேலைகள்: ஆக்சிஜனை ஏற்றுவது, கரியமில வாயுவை இறக்குவது. இரண்டும் ஒரே மாதிரி எளிதல்ல. சிரையில் வரும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே முக்கால் பங்கு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு லிட்டருக்கு இன்னும் 40 முதல் 60 மி.லி. வரைதான் ஏற்ற முடியும். எனவே உடலுக்கு வேண்டிய முழு ஆக்சிஜனையும் வெளியில் ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தத்தை வெளியே எடுக்க வேண்டும். அதுதான் எக்மோ. 2016 டிசம்பரில் ஜெயலலிதா அப்போலோவில் இருந்த கடைசி நாளிலும், 2020இல் எஸ்.பி.பி. சிகிச்சையில் இருந்த வாரங்களிலும் தமிழ்நாடு முழுக்க எல்லோர் வாயிலும் இருந்த சொல்.

கரியமில வாயுவின் கணக்கு வேறு. அது பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாறி ரத்தத்தில் கரைந்திருக்கிறது. ஒரு லிட்டர் சிரை ரத்தத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு உண்டு. ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு உண்டாக்குவது 200 முதல் 250 மி.லி. தான். அரை லிட்டர் ரத்தத்திலிருந்து அதிலுள்ள அத்தனையையும் எடுக்க முடிந்தால் ஒரு நிமிடத்துக் கணக்கு முடிந்துவிடும். அரை லிட்டர் என்பது சாதாரண டயாலிசிஸ் இயந்திரத்தின் ஓட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இந்த ஒரு கணக்கின் மேல்தான் முழு யோசனையும் நிற்கிறது.

1977இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் தியோடர் கோலோபோவும் இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ கட்டினோனியும் ஆட்டுக்குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். இயற்கையாக மூச்சு விடும் குட்டியின் ரத்தத்திலிருந்து சவ்வு நுரையீரல் (மெல்லிய சவ்வு வழியே வாயுவை மட்டும் கடக்கவிடும் கருவி) மூலம் கரியமில வாயுவை எடுக்க எடுக்க, குட்டி மூச்சைக் குறைத்துக்கொண்டே வந்தது. உண்டாகும் அளவு முழுவதையும் எடுத்தபோது மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டது. துன்பத்தால் அல்ல, தேவை இல்லாததால். மூச்சு விடத் தூண்டுவது பெரும்பாலும் கரியமில வாயுதான், ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல என்று பாடப்புத்தகத்தில் படித்த ஒன்று, கண்முன் மூச்சில்லாமல் சுகமாக இருந்த ஒரு குட்டியாக வந்து நின்றது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பரிசோதனை இது.

அதற்குப் பிறகு நம்பிக்கை ஏறியது, இறங்கியது. 1986இல் கட்டினோனி 43 நோயாளிகளிடம் இந்த முறையைச் செய்து 48.8 சதவீதம் பேர் பிழைத்ததாக எழுதினார். 1994இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 40 பேரிடம் முறையாகச் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்டுப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. இன்னொரு பக்கம், வாயுவாக எடுக்காமல் பைகார்பனேட்டாகவே டயாலிசிஸ் நீரில் கழுவி எடுக்கலாமே என்று 1980களில் விலங்குகளில் முயன்றார்கள். பைகார்பனேட் போன இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? குளோரைடால் நிரப்பினால் ரத்தம் அமிலமாகிறது. காஸ்டிக் சோடாவால் ஈடுகட்டப் பார்த்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன. சுத்தமான டயாலிசிஸ் வழி அங்கே முட்டி நின்றது.

இப்போது இந்த யோசனையைப் பன்றிகளிடம் சோதித்த ஆய்வுக்கு வருவோம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் ராணுவத் தளத்தில் இருக்கிறது அமெரிக்க ராணுவ அறுவைச் சிகிச்சை ஆய்வு நிலையம். அங்கே ஆண்ட்ரி பட்சின்ஸ்கி, லியோபோல்டோ கான்சியோ ஆகியோரும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பொறியாளர் வில்லியம் ஃபெடர்ஸ்பீலும் சேர்ந்து செய்த ஆய்வு 2011இல் ‘கிரிட்டிக்கல் கேர் மெடிசின்’ இதழில் வந்தது. தலைப்பிலேயே ‘சுவாச டயாலிசிஸ்’ என்று வைத்தார்கள். கருவியின் பெயர் ஹீமோலங். அதைச் செய்த ஏலங் நிறுவனம் ஃபெடர்ஸ்பீலும் இதய அறுவை நிபுணர் பிராக் ஹாட்லரும் பிட்ஸ்பர்க்கில் செய்த ஆராய்ச்சியிலிருந்து 1997இல் முளைத்தது.

பன்றியின் கழுத்துச் சிரையில் ஒரே ஒரு குழாய். உள்ளே இரண்டு பாதைகள், ஒன்றில் ரத்தம் வெளியே வரும், மற்றதில் திரும்பிப் போகும். தடிமன் 15.5 ஃபிரெஞ்ச், அதாவது 5 மி.மீ.க்குச் சற்று மேல். டயாலிசிஸ் நோயாளிகளின் கழுத்தில் நாம் பார்க்கும் குழாயும் ஏறக்குறைய இதே அளவுதான். பெரியவர்களுக்கான எக்மோ குழாய்கள் 7 முதல் 10 மி.மீ. வரை போகும், அவற்றைப் போடக் கை தேர்ந்த குழு வேண்டும். குழாயிலிருந்து ரத்தம் நுண்ணிழைகளால் ஆன ஒரு சிறு பெட்டிக்குள் போகிறது. நடுவே சுழலும் உருளை ரத்தத்தை இழைகளின் மேல் வேகமாகத் தள்ளுகிறது. சுழற்சியின் புண்ணியத்தில் 0.59 சதுர மீட்டர் பரப்பே போதுமானதாக இருக்கிறது.

முடிவு: நிமிடத்துக்குச் சுமார் 450 மி.லி. ரத்த ஓட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 72 மி.லி. கரியமில வாயு வெளியேறியது. ஓய்வில் இருக்கும் மனிதர் ஒருவருக்கான அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வென்டிலேட்டர் நிமிடத்துக்குத் தள்ளிய காற்று 5.6 லிட்டரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் 2.6 லிட்டராக இறங்கியது. நுரையீரலின் மேல் விழும் வேலை பாதிக்கும் கீழே.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சிதான். பெரிய எக்மோ குழு இல்லாத இடத்தில், டயாலிசிஸ் ஊசி போடத் தெரிந்த ஒருவர் இருந்தால், வெடிப்பில் அடிபட்டவரின் வென்டிலேட்டரைப் பாதியாகக் குறைக்கலாம் என்றால் அது சின்ன விஷயமா? ஆனால் அப்புறம் ஆய்வின் முறையைத் திரும்பப் படிக்க வேண்டும். அந்தப் பன்றிகள் ஆரோக்கியமானவை. வெடிப்பில் அடிபட்டவை அல்ல. கருவி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஆரோக்கியமான பன்றி போதும். காயத்துக்குப் பயன்படுமா என்ற கேள்விக்குப் போதாது. ஆய்வாளர்கள் இதில் நேர்மையாகவே இருந்தார்கள், வென்டிலேட்டர் சார்பு குறைகிறது என்பதற்கு மேல் தலைப்பில் எதையும் சொல்லவில்லை. பிற்பாடு ‘வெடிப்பு நுரையீரலுக்கு டயாலிசிஸ்’ என்று சுருக்கிச் சொல்லும்போதுதான் ஒரு படி தாண்டப்படுகிறது.

ஆரோக்கியமான விலங்கும் வெடிப்பில் அடிபட்ட விலங்கும் ஒன்றல்ல என்பதற்கு என்னிடம் ஒரு வலுவான சாட்சி உண்டு. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் எமிரிஸ் கிர்க்மனின் குழு மயக்கத்திலேயே வைத்திருந்த பன்றிகளிடம் செய்து 2010இல் வெளியிட்ட பரிசோதனை அது. ரத்தம் இழந்தவருக்கு ரத்த அழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்துத் திரவம் கொடுப்பது போர்க்கள மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதிகம் ஏற்றினால் கட்டிய ரத்தம் மீண்டும் பெயர்ந்துவிடும் என்ற பயம். ரத்தம் மட்டும் இழந்த பன்றிகள் அதைத் தாங்கின. ரத்த இழப்போடு வெடிப்பும் சேர்ந்த பன்றிகள் அதே முறையை நீண்ட நேரம் தொடர்ந்தபோது தாங்கவில்லை. ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்த உடலுக்கு, ரத்த ஓட்டத்தையும் குறைப்பது இரட்டை அடி. அதிலிருந்து முதல் ஒரு மணி நேரம் மட்டும் தாழ்வாக வைத்துப் பிறகு அழுத்தத்தை இயல்புக்கு உயர்த்தும் முறை வந்தது. இதே குழுவினர் எலிகளில் காட்டிய இன்னொன்று, நெஞ்சில் வெடிப்பு அலை பட்டதும் மூச்சு சற்று நின்று, இதயத் துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் விழுகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பைத் துண்டித்தால் முதல் இரண்டும் நிகழ்வதில்லை. வெடிப்பு வெறும் கிழிசல் மட்டுமல்ல, உடலின் அனிச்சைகளையும் குலைக்கிறது. அப்படிக் குலைந்த உடலிலிருந்து நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தத்தை வெளியே சுற்றவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஆரோக்கியமான பன்றி சொல்லாது.

அதைவிடப் பெரிய முள் ஹெப்பாரின். உடலுக்கு வெளியே போகும் ரத்தம் குழாயைத் தொட்டதும் உறையப் பார்க்கும். தடுக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். மெதுவான ஓட்டத்தில் உறையும் ஆபத்து இன்னும் கூடும், ஆகவே குறைந்த ஓட்டம் என்ற இந்த முறையின் வசதியே அதன் பலவீனமும்கூட. வெடிப்பு நுரையீரல் என்பது ரத்தம் கசியும் நுரையீரல். தலையிலும் வயிற்றிலும் காயம் இருக்கலாம். அவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையில் அடைத்த மண்ணை நாமே தோண்டி எடுப்பதற்குச் சமம்.

இது வெறும் பயம் அல்ல என்பதை 2021இல் பிரிட்டனின் ரெஸ்ட் சோதனை காட்டியது. 51 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 412 நோயாளிகள், அதே ஹீமோலங். வெடிப்பு நோயாளிகள் அல்ல, மற்றக் காரணங்களால் மூச்சு செயலிழந்தவர்கள். 90 நாள் இறப்பு, கருவி வைத்தவர்களில் 41.5 சதவீதம், வைக்காதவர்களில் 39.5. சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மண்டைக்குள் ரத்தக்கசிவு கருவிக் குழுவில் 9 பேருக்கு, மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. பன்றியின் 2.6 லிட்டர் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இந்த 9 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்டு, வென்டிலேட்டரால் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போன 10 வீரர்களுக்கு, ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனைக் குழுவும் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவர்களும் 2005 முதல் 2011 வரை உடலுக்கு வெளியிலான நுரையீரல் உதவி கொடுத்தார்கள். சிலருக்குப் பம்பே இல்லாமல், தமனியிலிருந்து சிரைக்கு இதயமே தள்ளும் வகை. 9 பேர் பிழைத்தார்கள். ஒப்பிட எதிர்க்குழு இல்லை, இளைஞர்கள், முன்பு உடல்நலம் நன்றாக இருந்தவர்கள். இருந்தாலும் பத்துக்கு ஒன்பது என்பதைத் தள்ளிவிட முடியாது. ரெஸ்ட் சோதனையில் இருந்தவர்கள் நோய்வாய்ப்பட்டவர்கள், இவர்கள் காயம்பட்டவர்கள். காயம்பட்ட இளம் நுரையீரல் சில நாள் ஓய்வு கிடைத்தால் ஆறிவிடும் தன்மை கொண்டது. வொன்ஜுவில் சிறுநீரகங்களுக்கு நடந்ததும் அதுதான்.

விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1940இல் பிரிட்டனில் சாலி சக்கர்மன் என்ற விஞ்ஞானி எலி, முயல், குரங்கு, புறா என்று பல உயிர்களை வெடிப்பின் முன் வைத்து, அழுத்தம் மூக்கு வழியாக உள்ளே போய்க் கெடுப்பதில்லை, நெஞ்சுச் சுவரை அடித்துத்தான் கெடுக்கிறது என்று நிறுவினார். ரப்பர் மேலங்கி போட்ட முயல்களுக்குக் காயம் குறைந்ததை வைத்துத்தான் அந்த முடிவு. 1968இல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் போவன் என்ற ஆய்வாளரின் குழு 13 வகைப் பாலூட்டிகளில் 2,000க்கும் மேற்பட்ட விலங்குகளின் கணக்கை வைத்து மனிதர் எவ்வளவு தாங்குவார் என்ற வரைகோடுகளைப் போட்டது. இன்றும் பாதுகாப்புக் கணக்குகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. இவ்வளவு உயிர்கள் கொடுத்த அறிவை, ஆரோக்கியமான பன்றியின் முடிவை அடிபட்ட மனிதருக்கு நேராக நீட்டி வீணாக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம்.

அப்படியானால் அடுத்த பரிசோதனை எப்படி இருக்க வேண்டும்? என் கணிப்பில் சான் அன்டோனியோவின் கருவியும் போர்ட்டன் டவுனின் காயமும் ஒரே விலங்கில் சேர வேண்டும். வெடிப்பு, ரத்த இழப்பு, குறைந்த காற்று, கழுத்தில் ஒரே குழாய், ஹெப்பாரின் இல்லாமல். கடைசிச் சொல்தான் கடினம், அதற்கும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2014இல் ஹார்வர்டின் வீஸ் நிலையம், குழாயின் உட்புறத்தில் பெர்ஃபுளோரோகார்பன் திரவப் படலம் ஒன்றை ஒட்டவைத்து ரத்தம் ஒட்டாமல் வழுக்கிப் போகும்படி செய்தது. பன்றியின் தொடைத் தமனியிலிருந்து சிரைக்கு அந்தக் குழாயை இணைத்து, ஹெப்பாரின் சொட்டுக்கூட இல்லாமல் 8 மணி நேரம் ஓட்டினார்கள், குழாய் அடைக்கவில்லை. அது வெறும் குழாய்தான். நுண்ணிழைகள் நிறைந்த 0.59 சதுர மீட்டர் பரப்பில் அதே படலம் வாயுவைத் தடுக்காமலும் ரத்தத்தை உறையவிடாமலும் நிற்க வேண்டும், அது பல மடங்கு கடினம். ஆனால் போர் நடந்த ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றப்பட்ட வீரர், ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இறங்க ஆன நேரமும் ஏறக்குறைய 8 மணிதான்.